மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மின்கட்டணமே இல்லாமல் போய்விடுமா?

வாசகர் கேள்வி, 2025 மார்ச் 2

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு 420 யூனிட் வரை ஓடுகிறது. சோலார் விற்பனையாளர் ஒருவர் வந்து, 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தரும், நான்கே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும், அதன் பிறகு மின்கட்டணமும் இல்லை, மின்தடைக் கவலையும் இல்லை என்கிறார். இவர் சொல்வதை நம்பலாமா?

2025 மார்ச் 3

மானியத் தொகை உண்மை. மின்கட்டணம் ஏறத்தாழ இல்லாமல் போகும் என்பதும் சரி. நான்கு ஆண்டுக் கணக்கும், மின்தடைக் கவலை இல்லை என்பதும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 2018 முதல் புதுக்கோட்டையில் என் மாடியில் 3 கிலோவாட் வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட், இரண்டு மாதத்திற்கு ஏறத்தாழ 720. நீங்கள் செலவழிப்பதோ 420. அதிலும் முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. ஆகவே இப்போது உங்களுக்கு வரும் கட்டணம் 1,300 ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். அதை முழுவதும் மிச்சப்படுத்தினாலும் ஆண்டுக்கு 7,800 ரூபாய். மானியம் போக உங்கள் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போகும். நான்கு ஆண்டில் எப்படித் திரும்பும்? பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் ஆகும்.

நான்கு ஆண்டுக் கணக்கு யாருக்குப் பொருந்துமென்றால், இரண்டு குளிரூட்டிகள் வைத்துக்கொண்டு இரண்டு மாதத்திற்கு 900 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு. அவர்களுக்குக் கட்டணம் 5,600 ரூபாய் அளவில் வரும். 3 கிலோவாட் போட்டால், தகடு தந்ததைக் கழித்த நிகரப் பயன்பாடு 180 யூனிட்டாகக் குறைந்து, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். விற்பனையாளர் அந்த வீட்டுக் கணக்கை உங்கள் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்.

2025 மார்ச் 4

நேற்றைய கணக்கில் ஒரு பிழை. 900 யூனிட் வீட்டின் கட்டணத்தைக் கூட்டும்போது, 101 முதல் 200 யூனிட் வரையிலான குறைந்த விகிதத்தையே அவர்களுக்கும் போட்டுவிட்டேன். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விகிதம் கிடைக்காது. அந்த நூறு யூனிட்டும் அடுத்த படியின் விலைக்கு ஏறிவிடும். ஆகவே அவர்கள் கட்டுவது 5,800 ரூபாய்க்கு அருகில் இருக்கும், சோலாரால் மிச்சமாவதும் அந்த அளவு கூடும்.

தொகை சிறியதுதான். ஆனால் இந்த 500 என்ற எல்லைக்கோட்டில்தான் மாடி சோலாரின் லாபம் நிற்கிறது. 510 யூனிட் ஓட்டுகிற வீடு ஒரு சிறிய தகட்டைப் போட்டுக் கோட்டுக்குக் கீழே இறங்கினால், தகடு தருகிற யூனிட்டுகளின் விலையோடு அந்தச் சலுகை விகிதமும் சேர்ந்து கிடைக்கும்.

2025 மார்ச் 9

மின்தடை பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அனுபவத்தில் மிகக் கசப்பானது இதுதான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்தில் தென்னையும் மின்கம்பமும் ஒன்றாக விழுந்து கிடந்தன. என் மாடியில் ஒன்பது தகடுகளும் அப்படியே நின்றன. முதல் நாள் மேகம் இருந்தது, மறுநாள் நல்ல வெயில். ஆனால் தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மேல்நிலைத் தொட்டியில் நீர் இல்லை, கைப்பேசிக்கு மின்னூட்டம் இல்லை, தலைக்கு மேல் 3 கிலோவாட் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பப் பதினெட்டு நாட்கள் ஆயின. அதுவரை வாடகை டீசல் ஜெனரேட்டர்காரர் ஒரு தொட்டி நிரப்ப எவ்வளவு கேட்டாரோ அதைக் கொடுத்துத்தான் தண்ணீர் ஏற்றினோம்.

மாடிகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்குகிற அமைப்பு. கம்பியில் மின்சாரம் இருப்பதை உணர்ந்தால்தான் அந்த இன்வெர்ட்டர் வேலை செய்யும். அது நின்றால் தானும் நின்றுவிடும். இது குறைபாடன்று, பாதுகாப்பு ஏற்பாடு. மின்சாரம் இல்லை என்று நம்பி ஊழியர் ஒருவர் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது, என் வீட்டிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குள் போனால் அவர் உயிர் போகும். கஜாவுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து இரவும் பகலும் கம்பம் நட்ட ஊழியர்களைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில், அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை. மின்தடையிலும் இயங்க வேண்டுமானால் மின்கலமும் அதற்கேற்ற கலப்பு வகை இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு கணிசமாகக் கூடும்.

2025 ஏப்ரல் 6

மே மாதத்தில்தான் அதிக மின்சாரம் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். வராது. என் ஏட்டில் ஏழு ஆண்டுகளாகப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் முன்னால் நிற்கின்றன. தகட்டின் திறனை அளந்து முத்திரையிடுவது 25 டிகிரி வெப்பத்தில். நம் மாடியில் நண்பகலில் தகடு 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் வெளியீடு ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறையும் என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு பங்கு வெப்பத்திலேயே போய்விடுகிறது. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அன்று. ஆகவே தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும்படி உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள்.

கழுவுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தி நான் கெட்டேன். உப்பு நீர் காய்ந்து கண்ணாடி மேல் படிந்த வெள்ளைப் படலம் தேய்த்தும் போகவில்லை. மழைநீரோ குடிநீரோ போதும், விடிந்தவுடன் தகடு சூடேறுவதற்கு முன் கழுவ வேண்டும்.

2025 ஏப்ரல் 20

இலங்கையில் நடப்பதைப் படித்த பிறகு, என் முதல் பதிலையே மறுபடியும் யோசிக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டு, உலகமே அதைப் பேசியது. ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாட்டின் மின்சாரம் ஏன் விழ வேண்டும் என்பதற்கு மின்சார சபை பின்னர் தந்த விளக்கம்தான் முக்கியமானது. விடுமுறை நாளாதலால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் மொத்த உற்பத்தியில் சோலாரின் பங்கு மிக அதிகம். அதிர்ச்சியைத் தாங்குகிற, அனல், புனல் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதனால் ஓர் இடத்தில் ஏற்பட்ட தடங்கலைத் தாங்க முடியாமல் தொடர் சரிவு ஏற்பட்டது. இப்போது புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் நாள்தோறும் பகல் 3 மணி வரை கூரை சோலாரை அணைத்து வைக்கும்படி மக்களை மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிக் கூரையில் தகடு போட்டவர்களிடம், நல்ல வெயில் அடிக்கும்போது அணைத்து வையுங்கள் என்று கேட்க நேர்ந்த நிலையை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாடு தனித் தீவன்று. நம் கம்பி இந்தியா முழுவதுக்குமான ஒரே வலையில் சேர்ந்திருக்கிறது, ஆகவே அதே விபத்து அப்படியே இங்கே நடக்குமென்று சொல்லவில்லை. ஆனால் பகலில் மின்சாரம் மிஞ்சுவதும் மாலையில் பற்றாமல் போவதும் இங்கும் தொடங்கிவிட்டன. மின் சந்தையில் நண்பகல் விலை சரிவதும், சூரியன் விழுந்தவுடன் விலை பல மடங்கு ஏறுவதும் வழக்கமாகிவிட்டது.

2025 ஏப்ரல் 21

நேற்று எழுதியதை என் வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தேன். பகல் 11 மணிக்கு வீட்டில் ஒரு மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஓடும். மீதி இரண்டு கிலோவாட் வெளியே போகிறது. இரவு 8 மணிக்குக் குளிரூட்டி ஓடும்போது அதே அளவைத் திரும்ப வாங்குகிறேன். வெளியே போவதையும் உள்ளே வருவதையும் அளக்கிற நிகர அளவி (நெட் மீட்டர்) ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, சமமாகிவிட்டது என்கிறது. எண்ணிக்கையில் சமம், மதிப்பில் சமமில்லை. யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படாத நேரத்தில் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் தேவைப்படும் நேரத்தில் அதே விலைக்குத் திரும்பப் பெறுகிறேன். என் மின்சாரத்தை ஒன்பது மணி நேரம் சேமித்துத் தந்த வேலைக்கு நான் ஒரு காசு கொடுக்கவில்லை.

அதோடு இன்னொன்று. அதிக யூனிட் ஓட்டுகிற வீடுகளும் தொழிற்கூடங்களும் கொடுக்கிற உயர்ந்த கட்டணத்தில்தான் ஏழை வீட்டுக்கும் வயலுக்கும் குறைந்த விலை மின்சாரத்தில் ஒரு பகுதி வருகிறது. அந்த உயர்கட்டண வீடுகள் முதலில் மாடிக்குத் தகட்டை ஏற்றிக்கொண்டு விலகினால், கம்பிக்கும் மின்மாற்றிக்குமான செலவு மாடியே இல்லாதவர்கள் தலையில் இறங்கும். சோலாருக்கு எதிராக இதை எழுதவில்லை. எனக்குக் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்று ஏழு ஆண்டுகள் கேட்காமல் இருந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு லாபக் கணக்கு மட்டும் சொல்வது நேர்மையாகப் படவில்லை.

2025 ஏப்ரல் 23

அப்படியானால் வாரியம் மாடி சோலாருக்குக் கட்டணம் போடுவது நியாயம்தானே என்று ஒருவர் உடனே கேட்டுவிட்டார். மாடி சோலார் வைத்த தொழிற்கூடங்களிடம் வலையமைப்புக் கட்டணம் (வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான கட்டணம்) வாங்குவதை எதிர்த்துக் கோவைச் சிறு தொழில் அமைப்புகள் போராடி வருவதைக் குறிப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். என் மைத்துனர் அங்கே சிறிய கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பட்டறை ஓடுவதே பகலில்தான். தகடு தருவதில் பெரும்பகுதியை அந்த நொடியிலேயே உள்ளே பயன்படுத்திவிடுகிறார். வெளியே அனுப்பித் திரும்ப வாங்குகிற என்னையும், கம்பிக்கே அனுப்பாமல் பயன்படுத்துகிற அவரையும் ஒன்றாக எடைபோடக் கூடாது. உற்பத்தியான எல்லா யூனிட்டுக்கும் கட்டணம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

2025 மே 18

சேமிப்புக்கு வழி இல்லாமல் இல்லை. ஆனைமலையில் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் நெடுங்காலமாக இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலேற்றி, தேவை எழும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இரவில் மிஞ்சும் அனல்மின்சாரத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அந்த ஏற்பாடு, இன்று நண்பகல் சூரிய மின்சாரத்தை மாலைக்குக் கடத்தப் பொருத்தமாக இருக்கிறது. குந்தாவிலும் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் நமக்கு உண்டு. வெயில் இறங்கிய பிறகும் அது வீசும். வடமாநிலங்கள் பலவற்றுக்கு இல்லாத வசதி இது.

இதோடு மின்கலமும் வருகிறது. புதிய சோலார் ஒப்பந்தங்களில் திறனில் பத்தில் ஒரு பங்குக்காவது இரண்டு மணி நேரச் சேமிப்பு இருக்க வேண்டும் என்று கடந்த பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. மலிவு விலைத் தகட்டைத் தேடிய காலம் முடிந்து, மாலை மின்சாரத்தைத் தேடுகிற காலம் வந்துவிட்டதாகவே இதைப் பார்க்கிறேன்.

2025 ஜூன் 29

பெரிய சோலார் பூங்காக்கள் இருக்க வீட்டு மாடிகளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் முடிந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. ராஜஸ்தானின் பட்லாவில் 2,245 மெகாவாட், கர்நாடகத்தின் பாவகடாவில் 2,050 மெகாவாட் என அதற்குப் பின் அளவு வளர்ந்துகொண்டே போயிற்று. கடந்த ஜனவரியில் இந்தியாவின் மொத்த சோலார் திறன் 100 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2015-இல் அந்த இலக்கை அறிவித்தபோது 2022-க்குள் என்றார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் தள்ளித்தான் எட்டினோம், ஆனாலும் எட்டினோம்.

பாவகடாவில் நிலத்தை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. வறண்ட பூமிக்காரருக்கு அது நல்ல வருமானம், நிலமும் அவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் களையெடுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவருக்குக் குத்தகையில் பங்கு கிடையாது. இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. ஓய்வுக்கு முன் இரண்டு ஆண்டுகள் தென் மாவட்டம் ஒன்றில் சோலார் நிலையக் கட்டுமானத்தில் மேற்பார்வை வேலை பார்த்தேன். கட்டும்போது உள்ளூர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் வேலை செய்தார்கள். குழி தோண்டினார்கள், இரும்புத் தூண்களை நிறுத்தினார்கள், தகடு சுமந்தார்கள். கட்டி முடித்த மாதம் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். காவலுக்கும் தகடு கழுவவும் புல் வெட்டவும் சிலர் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு பெரியவர் வேலிக்கு வெளியே ஆடுகளோடு நின்று, உள்ளே தகட்டின் நிழலில் வளர்ந்திருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆட்டை விட்டால் புல் வெட்டுகிற கூலி மிச்சம், தீவனமும் அவருக்குக் கிடைக்கும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கம்பியைக் கடித்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். கம்பிகளைக் குழாய்க்குள் விட்டு உயர்த்திக் கட்டினால் செம்மறியை விடலாம், வெளிநாடுகளில் விடுகிறார்கள்.

ஆகவே ஏற்கெனவே கட்டி நிற்கிற மாடிகளை முதலில் நிரப்ப வேண்டும் என்பது என் கருத்து. நிலமும் வேண்டாம், நெடுந்தொலைவு மின்தடமும் வேண்டாம். ராஜஸ்தானில் கானமயில் பறவைக்காக மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டு, பிறகு 2024-இல் அதைத் தளர்த்த நேர்ந்த சிக்கலும் மாடிக்கு வராது.

2025 ஜூலை 13

சீனத் தகடா, இந்தியத் தகடா என்று பலர் கேட்கிறார்கள். மானியம் வேண்டுமென்றால் தேர்வே இல்லை, இந்தியாவில் செய்த செல்களை (வெளிச்சத்தை மின்சாரமாக்குகிற சிறு சில்லுகளை) கொண்டு இந்தியாவிலேயே செய்த தகடாக இருக்க வேண்டும். அது சற்று விலை கூடுதல். உலகத் தகட்டு உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. அந்த இறக்குமதியைக் குறைக்க இங்கே 2022 ஏப்ரலில் தகட்டுக்கு 40 விழுக்காடு, செல்லுக்கு 25 விழுக்காடு சுங்கவரி போட்டார்கள். அதன் பலனாகத் திருநெல்வேலி கங்கைகொண்டானிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் பெரிய ஆலைகள் வந்திருக்கின்றன; நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனாலும் செல்லுக்கு அடிப்படையான சிலிக்கான் வில்லைகள் இன்னும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன.

2025 செப்டம்பர் 24

இரண்டு நாள் முன்பு, 22ஆம் தேதி முதல், சோலார் கருவிகளுக்கான சரக்கு சேவை வரி 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்புள்ளி வாங்கி வைத்திருப்பவர்கள் புதியது கேட்டு வாங்குங்கள்.

2025 அக்டோபர் 5

முதல் கேள்வி கேட்டவர் என்ன செய்யலாம் என்று மறுபடி எழுதியிருக்கிறார். மார்ச்சில் நான் எழுதியது அவரை முழுவதும் தடுத்துவிட்டது போலிருக்கிறது. அது என் தவறு. 3 கிலோவாட் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், எது வேண்டும் என்று சொல்லவில்லை.

முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் நீங்கள் ஈடுகட்ட வேண்டியது 320 யூனிட்தான். 2 கிலோவாட் இரண்டு மாதத்திற்கு 480 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதியாகக் குறைந்தாலும் அதில் முக்கால் பங்கை ஈடுகட்டிவிடும். மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 மட்டுமே. ஆகவே இரண்டோடு நிறுத்தினால் கிலோவாட் ஒன்றுக்குக் கிடைக்கும் மானியம் கூடுதல். போட்ட பணம் திரும்ப எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகும். தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது, இடையில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு ஆறாம் ஆண்டிலேயே மாற்ற நேர்ந்தது, பொருத்தித் தந்த நிறுவனம் அதற்குள் கடையை மூடிவிட்டிருந்தது. ஆகவே தகட்டு உத்தரவாதமும் இன்வெர்ட்டர் உத்தரவாதமும் தயாரித்த நிறுவனத்தின் பெயரில் எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தகட்டின் வரிசை எண்ணையும் மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பொருத்திய பின் பின்புறம் குனிந்து படிக்க முடியாது.

துணி துவைக்கும் இயந்திரம், நீரேற்றி, மாவரைக்கும் கருவி எல்லாவற்றையும் காலை 10 முதல் 3 மணிக்குள் ஓட்டிக்கொள்ளுங்கள். நிகர அளவிக் கணக்கில் இன்று உங்களுக்கு இதனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. ஆனால் பகலில் குறைந்த விலை, மாலையில் கூடிய விலை என்ற முறையை மத்திய அரசின் 2023 விதிகள் ஏற்கெனவே வகுத்துவிட்டன. நேரவாரியாகப் பயன்பாட்டை அளக்கிற திறன்மிகு அளவி (ஸ்மார்ட் மீட்டர்) உங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் அந்தப் பழக்கம் உதவும்.

2025 அக்டோபர் 6

உடைந்த தகட்டை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அவர் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு மீதியைக் குப்பைமேட்டில் எறிந்துவிடுவார். அதில் ஈயப் பற்று இருக்கிறது. 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. என் மாடியில் விரிசல் விட்ட ஒரு தகட்டைத் தார்ப்பாயில் சுற்றிப் படிக்கட்டின் கீழ் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் அதை வாங்கிக்கொள்ள முறையான இடம் எதையும் இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் ஊரில் யாராவது கொடுத்திருந்தால் எங்கே என்று எழுதுங்கள்.